மீசைக்காரர் திரும்பி வரக் கூடாது

கோப்பில் ஒரு பிழையைக் கண்டால் அதை அழிக்கக் கூடாது. ஒற்றைக் கோட்டால் வெட்டி, மேலே சரியானதை எழுதி, ஓரத்தில் சுருக்கொப்பமிட்டுத் திகதி போடவேண்டும். அரசாங்கக் கந்தோரில் வேலை செய்த காலம் முழுவதும் நான் இப்படித் திருத்திக்கொண்டே இருந்தேன். பெரும்பாலும் மற்றவர்களுடைய பிழைகள். கலியாண அழைப்பிதழ் வந்தால்கூட என் கை முதலில் சிவப்புப் பேனையைத்தான் தேடும்.

அப்படிப்பட்ட நான் ஒரு பிழையைத் தெரிந்துகொண்டே பல ஞாயிற்றுக்கிழமைகள் திருத்தாமல் இருந்தேன். அது ஒரு ஹிந்தித் தொலைக்காட்சித் தொடரைப் பற்றிய பிழை.

இந்திய ஆமி யாழ்ப்பாணத்தில் நின்ற காலம். அரியாலையில் எங்கள் வீட்டுக் குசினிச் சுவரோடு சேர்த்துத் தென்னை உயரத்துக்கு ஓர் இரும்புக் குழாய் நின்றது. அதன் உச்சியில் அன்ரெனா. கொழும்பிலிருந்து வருவதைவிடக் கடலுக்கு அப்பாலிருந்து வரும் படம் தெளிவாக இருந்தது. இதற்கு அரசியல் காரணம் எதுவும் இல்லை, தூரம்தான் காரணம். ஆனால் தமிழ் நிகழ்ச்சிகள் மாலையில் வரும், மாலையில் மின்சாரம் இருக்காது. மின்சாரத்தை ஓரளவு நம்பக்கூடிய ஞாயிறு காலையில் ஹிந்திதான் வரும். ஆகவே ஹிந்தி பார்த்தோம்.

எங்களுக்கு ஹிந்தி தெரியாது என்று சொல்வதும் முழுக்கச் சரியல்ல. நில், வா, போ, எங்கே, இறங்கு, காட்டு என்று ஆறு சொற்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். சென்றியில் காவல் நின்ற சிப்பாய்கள் கற்பித்தவை. இந்த ஆறு சொற்களை வைத்துக்கொண்டு ஒரு கூட்டுக் குடும்பத்தின் கதையை எப்படி விளங்கிக்கொண்டீர்கள் என்று பிறகு வெளிநாட்டிலிருந்து வந்த உறவினர் ஒருவர் கேட்டார். அதில் சிரமமே இருக்கவில்லை. எந்தக் குடும்பத்திலும் பெரும்பாலும் அந்தச் சொற்கள்தான் பாவனையில் இருக்கின்றன.

தொடரில் ஒரு பெரிய வீடு. நடுவில் முற்றம், முற்றத்தில் துளசி. இடுப்பில் சாவிக்கொத்தோடு ஒரு மாமியார். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் சாவிக்காரி. மூத்த மகன் தடித்த மீசையோடு எந்நேரமும் பத்திரிகை வாசித்துக்கொண்டிருப்பார். அவர் மீசைக்காரர். அவருடைய மனைவி, அதிகம் கதைக்காத அழகான பெண், மூத்த மருமகள். எங்கள் வீட்டுப் பெண்களுக்கு அவள்தான் கதாநாயகி. அவள் கண் கலங்கினால் இங்கே தேத்தண்ணி ஆறிப்போகும்.

பார்ப்பவர்கள் நாங்கள் நாலு பேர். அம்மா பிரம்புக் கதிரையில். என் மனைவி அம்மாவுக்குப் பக்கத்தில். என் தங்கை யன்னலோரம். எனக்கு இருந்து பார்க்கும் பழக்கம் இல்லை. வாசற்படிக்கும் மேசைக்கும் இடையில் உலாத்திக்கொண்டிருப்பேன்.

ஐந்தாவது ஆள் வெளியே நின்றார். அவர் என் தங்கை படிப்பித்த பள்ளிக்கூடத்தில் விஞ்ஞான ஆசிரியர், அச்சுவேலிக்காரர், கலியாணம் செய்யாதவர். காற்றடித்தால் எங்கள் அன்ரெனா திரும்பிவிடும். ஹெலி தாழப் பறந்தாலும் திரும்பிவிடும். அதைச் சரியான திசைக்குத் திருப்ப மாஸ்டருக்கு மட்டும்தான் கை பழகியிருந்தது. ஒவ்வொரு ஞாயிறும் சைக்கிளில் வந்து, குழாயை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்பார்.

"இப்ப?"

"வருது, வருது. போயிட்டுது."

"இப்ப?"

"ஆ, அப்பிடியே நில்லுங்கோ."

அப்படியே நிற்பார். ஒரு வருடமாக அந்தத் தொடருக்கு உழைத்தவர், அதில் ஒரு காட்சியையும் கண்டதில்லை. ஓர் அன்ரெனாவுக்காக ஒரு மனிதன் அச்சுவேலியிலிருந்து வருவதில்லை என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அம்மாவுக்கு எல்லோருக்கும் முந்தியே தெரியும். ஆகவே மாஸ்டருக்குத் தேத்தண்ணி குசினி வாசலால் வெளியே போகும். மாஸ்டர் உள்ளே வரமாட்டார். அம்மாவின் நடைமுறைகள் என்னுடையவற்றைவிட இறுக்கமானவை.

தங்கைக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. அவளுடைய கணவர் செங்கமாரி நோயில் இறந்து நாலு வருடமாகியிருந்தது. ஊர் வேறு காரணங்களால் செத்துக்கொண்டிருந்த காலத்தில் நோயால் இறந்தவர்களுக்கு அனுதாபமும் குறைவு, நிரப்பிக் கொடுக்கப் படிவமும் இல்லை. பிள்ளைகள் இல்லை. எங்களோடு வந்து இருந்தாள். மாஸ்டரைக் கலியாணம் செய்ய அவளுக்கு விருப்பம். அதை என்னிடம் அவள் ஒளிக்கவில்லை.

"அண்ணை, எனக்கு ஒருத்தற்றை அனுமதியும் தேவையில்லை. ஆனா அம்மா வந்து பக்கத்திலை நிக்காமல் நான் கையெழுத்து வைக்கமாட்டன். அவ மாட்டனெண்டால் இது இல்லை. அவ்வளவுதான்."

நான் அம்மாவிடம் ஒரே ஒரு தடவை கதையை எடுத்தேன். அம்மா கந்தோர்க்காரரின் மகள், கந்தோர்க்காரரின் மனைவி, கந்தோர்க்காரனின் தாய். எங்கள் பாஷை அவருக்கும் தெரியும்.

"எங்கடை பக்கத்திலை ஆரும் செய்திருக்கினமோ?"

"இல்லை அம்மா."

"முன்னுதாரணம் இல்லாததை என்னட்டைக் கொண்டு வராதை, தம்பி."

கோப்பு மூடப்பட்டது. அதே பதிலை நான் எத்தனையோ பேருக்குத் தட்டச்சில் அனுப்பியிருக்கிறேன். வாயால் கேட்கும்போது அது எவ்வளவு குளிராக இருக்கிறது என்று அன்றுதான் தெரிந்தது.

ஒரு ஞாயிறு மீசைக்காரர் பெட்டியோடு றெயில் ஏறினார். மூத்த மருமகள் வாசலில் நின்று அழுதாள். அடுத்த ஞாயிறு மின்சாரம் இல்லை. அதற்கடுத்த ஞாயிறு தொடர் தொடங்கும்போதே வேறு இசை, வேறு எழுத்து. கறுப்புத் திரையில் ஹிந்தியில் மூன்று வரி வந்து, நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மறைந்தது. பிறகு அதே முற்றம், அதே துளசி. மீசைக்காரரின் கதிரையில், மீசைக்காரரின் பத்திரிகையோடு, மீசையே இல்லாத ஒருவர் இருந்தார்.

"ஆர் உவன்?" என்றார் அம்மா.

"மூத்தவள் சாப்பாடு போடுறாளே, மாமி" என்றாள் என் மனைவி.

"அது தெரியுது. ஆரெண்டு கேக்கிறன்."

மனைவி யோசித்தாள். அவள் எந்த இடைவெளியையும் நிரப்பாமல் விடுபவள் அல்ல. "முந்தினவர் றெயிலிலை போனவரெல்லே. ஆள் முடிஞ்சுது போலை. போன கிழமை, கரண்ட் இல்லாத நேரம்."

"ஐயோ பாவம். செத்தவீட்டையும் பாக்கேல்லை" என்று அம்மா உண்மையாகவே கவலைப்பட்டார். பிறகு, "அப்ப இது?"

"மறுகலியாணமாக்கும், மாமி."

தங்கை யன்னலுக்கு வெளியே பார்த்தாள். வெளியே குழாயைக் கட்டிப்பிடித்தபடி மாஸ்டர் நின்றார்.

"தெளிவோ?" என்று அவர் கேட்டார்.

"தெளிவு" என்றேன்.

அம்மா கதிரையில் முன்னுக்குச் சரிந்தார். "சாவிக்காரி ஒண்டும் சொல்லேல்லையோ?"

"அவ அவன்ரை தலையைத் தடவுறா. பாருங்கோவன்."

சாவிக்காரி தடவிக்கொண்டுதான் இருந்தார். சாவிக்காரியின் கிழவர் நெற்றித் திலகத்தோடு வந்து மீசையில்லாதவரின் தோளில் தட்டினார். அவர் மடியில் மூத்த மருமகளின் குழந்தை ஏறி இருந்தது. ஒருவர் முகத்திலும் சுளிப்பில்லை.

"உது காசிப் பக்கம்தானே, தம்பி?"

அது எந்த ஊர் என்று எனக்குத் தெரியாது. "பக்கம்தான்" என்றேன்.

"காசிப் பக்கத்திலையே செய்யினமெண்டால்..." என்று சொல்லி அம்மா வசனத்தை முடிக்காமல் விட்டார். மேலதிகாரிகள் முடிக்காமல் விட்ட வசனங்களை வாசித்து வாழ்ந்தவன் நான். அது அனுமதி அல்ல. ஆனால் மூடியிருந்த கோப்பு திறந்துவிட்டது.

எனக்குத்தான் அமைதி இல்லை. புதியவர் பழையவரின் செருப்பையே போட்டிருந்தார். கந்தோரில் ஓர் அதிகாரி மாற்றலாகிப் போனால் அடுத்தவர் அதே கதிரையில் இருந்து அதே முத்திரையைக் குத்துவார். கோப்புக்கு ஆள் முக்கியமில்லை, பதவிதான் முக்கியம். எங்கள் சந்தியில் நின்ற சென்றியும் அப்படித்தான். மண்மூட்டை மாறவில்லை, துவக்கு நீட்டும் துவாரம் மாறவில்லை, உடுப்பும் மொழியும்தான் மாறிக்கொண்டிருந்தன. தொடரிலும் அதுதான் நடந்திருக்கும் என்று எனக்கு ஐமிச்சம். ஐமிச்சத்தோடு ஒரு கிழமை சாப்பிட்டேன், படுத்தேன், கோப்புகளில் ஒப்பமிட்டேன். ஒன்றும் ஒழுங்காக இறங்கவில்லை.

கண்டி வீதிச் சென்றியில் தமிழ் தெரிந்த சிப்பாய் ஒருவர் நின்றார். மதுரைப் பக்கத்துக்காரர். தினமும் காலையில் நான் சைக்கிளால் இறங்கி அடையாள அட்டையைக் காட்டுவேன். தினமும் அவர் அதை முதல்முறை பார்ப்பதுபோல் பார்ப்பார். நடைமுறையை மதிக்கிறவர் என்பதால் எனக்கு அவரைப் பிடிக்கும். ஒரு திங்கட்கிழமை அட்டையைத் திரும்ப வாங்கிக்கொண்டு கேட்டேன்.

"தம்பி, ஞாயிற்றுக்கிழமை காலமை வாற ஹிந்தி நாடகம் பாக்கிறனீரோ?"

"பாக்காம என்ன சார்? முகாமே உக்காந்து பாக்குது."

"அதிலை மீசை வைச்ச மூத்தவர் செத்திட்டாரோ?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "யாரு சார் சொன்னா? அந்த நடிகர் தயாரிப்பாளரோட சண்டை போட்டுக்கிட்டுப் போயிட்டாரு. அவருக்குப் பதிலா இவரப் போட்டிருக்காங்க. அதான் எழுத்துல காட்டினாங்களே, இனிமே இவர்தான் அவர்னு."

இனிமேல் இவர்தான் அவர். ஒரு சுற்றுநிருபத்தை இதைவிடச் சுருக்கமாக எழுத முடியாது.

"நீங்க செத்துட்டாருன்னா நினைச்சீங்க?"

"வீட்டிலை சிலபேர்."

"சாகல சார். சமாதானம் பேசிட்டிருக்காங்களாம். திரும்பி வந்தாலும் வந்துடுவாருன்னு எங்க ஹவில்தார் சொல்றாரு."

பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது. நான் சைக்கிளை உருட்டினேன். ஒப்பந்தங்களும் சமாதானப் பேச்சுகளும் அந்த ஆண்டுகளில் எங்களுக்குப் புதிதல்ல. ஒரு பேச்சுவார்த்தை முறிந்துபோக வேண்டும் என்று நான் மனதார விரும்பியது அந்த ஒரு தடவைதான்.

அன்று மத்தியானமே வீட்டில் சொல்லியிருக்கவேண்டும். பிழை இன்னது, சரி இன்னது, சுருக்கொப்பம், திகதி. சொன்னால் அம்மாவின் முன்னுதாரணம் போய்விடும். அதோடு தங்கையின் கலியாணமும் போய்விடும். சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பது எனக்கு உடம்பில் கடிக்கிற விஷயம். வளவைச் சுற்றி நடந்தேன். கிணற்றடிக்குப் போய் வாளியைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தேன்.

"ஏன் அண்ணை உப்பிடி உலாத்திறியள்?" என்று தங்கை கேட்டாள்.

"செமிபாடு."

அம்மா சும்மா இருக்கவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் ஆய்வு நடந்தது.

"செத்தவன்ரை படம் ஒண்டும் மாலை போட்டு மாட்டேல்லை. ஏன் தம்பி?"

"வடக்கிலை அப்பிடி வழக்கம் இல்லை அம்மா."

"இவன்ரை தாய் தேப்பன் எங்கை? செத்தவன்ரை வீட்டிலை வந்தெல்லோ இருக்கிறான்."

"அங்கை கூட்டுக் குடும்பம். ஆள் கூடினால் சந்தோசப்படுவினம்."

"நீ உதெல்லாம் எங்கை படிச்சனி?"

"வாசிச்சிருக்கிறன்."

நான் பொய்க் குறிப்பு எழுதியது அதுவரை இல்லை. முதல் குறிப்புக்கு நாக்கு ஒட்டியது. நாலாவது வந்த சரளம் எனக்கே வியப்பாக இருந்தது. மேற்கோள் காட்டாத குறைதான்.

என் மனைவிக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் பெரிய உதவி அவளால்தான் வந்தது. "பொடியன் குணமான பொடியன், மாமி. மீசை இல்லாததுதான் ஒரு குறை" என்றாள் ஒரு நாள். சிறிது நேரம் கழித்து, யன்னலைப் பார்த்துக்கொண்டு, "எங்கடை மாஸ்டரும் மீசை வைக்கிறேல்லை என்ன?" என்றாள்.

அம்மாவும் யன்னலைப் பார்த்தார். மாஸ்டர் குழாயோடு நின்றார். தூறல் விழுந்து அவருடைய சேட்டுத் தோள் நனைந்திருந்தது. அம்மா அவரை அதற்கு முன் பார்த்திருந்தார், ஆனால் இவ்வளவு நேரம் பார்த்ததில்லை.

"மழை தூறுது. அந்த மனிசனை உள்ளுக்கை வந்து தேத்தண்ணியைக் குடிக்கச் சொல்லு."

அவர் உள்ளே வந்து, கதிரையின் நுனியில் இருந்து, மூன்று மிடறில் குடித்துவிட்டுப் போய் மறுபடியும் குழாயைப் பிடித்தார். அந்த மூன்று மிடறும் படம் ஆடிக்கொண்டே இருந்தது. ஒருவரும் முறைப்பாடு சொல்லவில்லை.

இரண்டு கிழமை கழித்து, கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா தலை நிமிராமல் சொன்னார். "கலியாண எழுத்தை எழுதட்டும். மேளம் ஒண்டும் வேண்டாம். நான் வந்து நிக்கிறன்."

தங்கை எழும்பி அறைக்குள் போனாள். நெடுநேரம் வெளியே வரவில்லை.

இனி வேகம் வேண்டும். பதிவாளருக்கு அறிவித்தல் கொடுத்து, நாள் கழியும் வரை காத்திருப்பதுதான் வழமை. விசேட அனுமதிப்பத்திரம் எடுத்தால் உடனே எழுதலாம். அவசரம் என்று வருகிறவர்களிடம் காரணம் காட்டச் சொல்லித் திருப்பி அனுப்பியவன் நான். இப்போது அதே படிவம் என் முன்னால் கிடந்தது. காரணம் என்ற இடத்தில் என்ன எழுதுவது? நடிகர் திரும்பி வரக்கூடும் என்றா? 'நாட்டு நிலைமை' என்று எழுதினேன். அந்த ஆண்டுகளில் எதற்கும் அது போதும். இறந்தவரின் மரணச் சான்றிதழுக்கு அத்தாட்சிப் பிரதி எடுத்து, தங்கையின் பெயர் எல்லாப் பத்திரத்திலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பார்த்து, புதன்கிழமைக்கு நாள் வைத்தேன்.

புதனுக்கு முன் ஒரு ஞாயிறு இருந்தது. மின்சாரம் போகட்டும் என்று நேர்ந்துகொண்டேன். அன்று பார்த்து மின்சாரம் ஒரு சிமிட்டல்கூட இல்லாமல் நின்றது. மாஸ்டரும் வந்து நின்றார். படம் கண்ணாடிபோல இருந்தது.

கடைசிப் பகுதியில் யாரோ கதவைத் தட்டினார்கள். மூத்த மருமகள் போய்த் திறந்தாள். கமரா நிலத்தில் இருந்தது. முதலில் ஒரு பெட்டி. அந்தப் பெட்டியை எனக்குத் தெரியும். றெயில் ஏறிய பெட்டி. பிறகு சப்பாத்து. பிறகு காற்சட்டை. கமரா ஆறுதலாக மேலே ஏறியது. கோட்டுப் பொத்தான் ஒன்று, இரண்டு.

நான் யன்னலுக்குப் பாய்ந்தேன்.

"மாஸ்டர், தெரியேல்லை. திருப்புங்கோ."

"எந்தப் பக்கம் அண்ணை?"

"கிழக்காலை. இன்னும். இன்னும்."

அவர் சொன்னபடி திருப்பினார். திரும்பிப் பார்த்தேன். திரை முழுக்கப் புள்ளி. புள்ளிகளுக்குள் ஒரு தலை இருந்தது; யாருடைய தலையாகவும் இருக்கலாம்.

"வடிவாத்தானே தம்பி தெரிஞ்சது" என்றார் அம்மா.

"இன்னும் வடிவா வரும் அம்மா."

"இப்ப?" என்றார் மாஸ்டர்.

"இல்லை. இன்னும் கொஞ்சம்."

பாவம், அந்த மனிதர் தன் கலியாணத்தைத் தன் இரண்டு கையாலும் காப்பாற்றிக்கொண்டிருந்தார். அவருக்கு அது தெரியாது. முடிவு இசை இரைச்சலுக்குள் கேட்கும் வரை நான் அவரை விடவில்லை. யன்னலோரம் இருந்த தங்கை திரையைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் இருந்த இடத்திலிருந்து, நான் பாய்வதற்கு முன், எவ்வளவு தெரிந்திருக்கும் என்று எனக்கு இன்றும் நிச்சயமில்லை.

"காணும், விடுங்கோ அண்ணை" என்றாள் மெதுவாக. "அவருக்குக் கை நோகும்."

புதன்கிழமை எழுத்து நடந்தது. அம்மா நீலச் சேலை உடுத்து வந்து தங்கைக்குப் பக்கத்தில் நின்றார். சாட்சியாகக் கையெழுத்து வைக்கும்போது ஒரு வரி தள்ளி வைத்துவிட்டார். பதிவாளர் அதை ஒற்றைக் கோட்டால் வெட்டினார். அம்மா சரியான வரியில் மறுபடி வைத்து, ஓரத்தில் சுருக்கொப்பமும் இட்டார். ஒருவரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

அடுத்த ஞாயிறு புதுத் தம்பதிகள் மத்தியானச் சாப்பாட்டுக்குக் காலையிலேயே வந்தார்கள். மாஸ்டர் குழாயைக் கம்பியால் இறுக்கிக் கட்டிவிட்டு, உள்ளே வந்து, முதல்முறையாகத் தொடரைப் பார்க்கக் கதிரையில் இருந்தார். படம் கொஞ்சம் ஆடியது. பெரிய வீடு, முற்றம், துளசி. கதிரையில் மீசைக்காரர் பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்தார். மூத்த மருமகள் தேத்தண்ணி கொடுத்தாள்.

என் மனைவி வாயைத் திறந்தபடி இருந்தாள்.

"ஆர் இந்த மீசைக்காரர்?" என்று மாஸ்டர் கேட்டார். அவருக்கு எல்லோரும் புதிது.

நான் வாசற்படியில் நின்றுவிட்டேன். இனிமேல் சொல்லலாம். எழுத்து முடிந்துவிட்டது; எதுவும் கெடாது. திருத்தம் முழுவதும் என் நாக்கு நுனியில் இருந்தது. திகதியோடு இருந்தது.

அம்மா மீசைக்காரரை ஆற அமரப் பார்த்தார்.

"முந்தினவன்ரை தம்பியாக்கும்" என்றார். "உரிச்சு வைச்ச மாதிரி."

"அப்ப மீசையில்லாதவர் எங்கை, மாமி?"

"அவன் வெளிநாடு போயிருப்பான். இப்ப எல்லாரும் போகினம்தானே."

மனைவிக்கு அது போதுமாக இருந்தது. தங்கை சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். அம்மாவின் முகத்தில் நான் எதையோ தேடினேன். மேலதிகாரிகளின் முகத்தில் கிடைப்பதுதான் அங்கேயும் கிடைத்தது.

படம் மறுபடி ஆடியது. மாஸ்டர் பழக்கத்தில் எழும்பினார். "ஒருக்கால் திருப்பிவிட்டு வாறன்."

"நீங்கள் இருங்கோ, மாஸ்டர்" என்றார் அம்மா. "இனி நீங்கள் வெளியிலை நிக்கத் தேவையில்லை. தம்பி சும்மாதானே உலாத்திறான். அவன் போய்ப் பிடிக்கட்டும்."

போனேன். கம்பியை அவிழ்த்துவிட்டு, குழாயை இரண்டு கையாலும் பிடித்தேன். வெயிலில் அது சுட்டது. மேற்கே கொஞ்சம் திருப்பினேன். உள்ளே எல்லோரும் சேர்ந்து சிரித்தார்கள். எதற்கு என்று தெரியவில்லை.

"இப்ப?" என்று கேட்டேன்.

ஒருவரும் பதில் சொல்லவில்லை. கிழக்கே கொஞ்சம் திருப்பினேன்.

"இப்ப?"